மாத்தூர் தொட்டிப்பாலம்: தண்ணீர் ஓடும்போது வந்து பாருங்கள்

கோயம்புத்தூரிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்: ஜனவரியில் குடும்பத்தோடு கன்னியாகுமரி வருகிறோம். மாமனார், மாமியாருக்கு எழுபது வயதைத் தாண்டிவிட்டது. பிள்ளைகள் இருவரும் பள்ளியில் படிக்கிறார்கள். மாத்தூர் தொட்டிப்பாலம் போகலாம் என்றால், ஏற்கெனவே போய் வந்த உறவினர் ஒருவர், "நீளமா ஒரு கான்கிரீட் பாலம். நடந்து போயிட்டுத் திரும்பி வரணும், அவ்வளவுதான். அதுக்கு எதுக்கு அவ்வளவு தூரம்?" என்கிறார். போகலாமா? பெரியவர்களால் முடியுமா? எந்த நேரம் நல்லது?

தாராளமாகப் போங்கள். பாசனக் கால்வாயின் தண்ணீரை ஆற்றுப் பள்ளத்தாக்குக்கு மேலே, தூண்கள்மேல் வைத்த தொட்டியில் கொண்டுபோகும் பாலம் அது. உங்கள் உறவினர் ஏப்ரல், மே மாதத்தில் போயிருப்பார் என்று நினைக்கிறேன். எங்கள் மாவட்டத்தில் பாசனத்துக்கு ஜூன் தொடக்கத்தில் அணைகளைத் திறந்து, பிப்ரவரிக் கடைசி வரை தண்ணீர் விடுவதுதான் வழக்கம். அதற்கப்புறம் கால்வாயை அடைத்துவிடுவார்கள். பள்ளிக்கூட விடுமுறை தொடங்கும் நேரமும் தொட்டி காய்ந்து கிடக்கும் நேரமும் ஒன்றாகவே வந்துவிடுகிறது. அதனால் வெளியூர்க்காரர்களில் பெரும்பாலோர் வெறும் தொட்டியைத்தான் பார்த்துவிட்டுப் போகிறார்கள். தண்ணீர் இல்லாத கால்வாயைப் பார்த்தால் அவர் சொன்னபடிதான் தோன்றும். ஜனவரியில் வரும் உங்களுக்கு அந்தச் சிக்கல் இருக்காது. முறை வைத்துத் தண்ணீர் விடும் நாட்களோ, எங்காவது உடைப்பு அடைக்கிற வேலையோ இருந்தால் மட்டும் வறண்டிருக்கலாம். தங்கும் இடத்தில் சொல்லி, திருவட்டாறு பக்கத்து ஆள் யாரிடமாவது "பட்டணங்காலில் தண்ணீர் ஓடுதா?" என்று முந்தின நாள் கேட்டுவிடுங்கள். பாலத்தின் வழியே ஓடும் கால்வாயின் பெயர்தான் பட்டணங்கால். இந்தக் கேள்விக்கு இங்கே யாரும் பதில் சொல்வார்கள்.

நான் இந்தப் பாலத்தைப் பற்றிப் பேசுவது சுற்றுலா இடம் என்பதற்காக மட்டும் அல்ல. எங்கள் வாழைத்தோட்டத்தை ஒட்டி ஓடும் கிளைக்கால்வாய்க்கு வரும் தண்ணீர் இந்தப் பாலத்தைக் கடந்துதான் வருகிறது. பாலம் எதற்காக நிற்கிறது என்று தெரிந்துகொண்டு பார்த்தால், அதன்மேல் நடப்பதே வேறு மாதிரி இருக்கும்.

கன்னியாகுமரி மாவட்டத்தில் கிழக்கும் மேற்கும் இரண்டு விதமான நிலம். தோவாளை, அகஸ்தீஸ்வரம் தாலுகாக்கள் சேர்ந்த நாஞ்சில் நாடு சமவெளி. குளமும் வயலுமாக விரிந்து கிடக்கும். கல்குளம், விளவங்கோடு பக்கம் வந்தால் மேடும் பள்ளமும். மேட்டில் விளை என்கிற தோட்ட நிலம், இரண்டு மேட்டுக்கு நடுவே பள்ளத்தில் ஏலா என்கிற நெல்வயல் என்று நிலம் அலையலையாக ஏறி இறங்கும். கோதையாற்றின் குறுக்கே பேச்சிப்பாறை அணை திருவிதாங்கூர் மன்னர் மூலம் திருநாள் காலத்தில், 1906-ல் முடிந்தது. மிஞ்சின் என்ற ஆங்கிலேயப் பொறியாளர்தான் அதை முன்னின்று கட்டினார். அவருடைய கல்லறைகூட அணைப் பக்கத்திலேயே இருக்கிறது. பிறகு பறளியாற்றில் பெருஞ்சாணி அணை வந்தது. இவற்றால் பெரிதும் தழைத்தது நாஞ்சில் நாடு. மேற்கே மேட்டு நிலங்கள் மழையை நம்பியே இருந்தன. மழை பொய்த்தால் பஞ்சம்தான்.

1956 நவம்பர் 1-ல் இந்த நான்கு தாலுகாக்களும் தமிழ்நாட்டோடு சேர்ந்தன. அதன்பின் காமராஜர் ஆட்சியில் மேற்குப் பகுதியின் வறட்சியைப் போக்கத் திட்டம் வந்தது. சிற்றாறு அணைகள், பட்டணங்கால் கால்வாய் எல்லாம் அந்தக் காலத்து முயற்சிகள்தாம். கால்வாய் வெட்டிக்கொண்டு வரும் வழியில், குறுக்கே பறளியாறு ஓடும் பள்ளத்தாக்கு. அங்கேதான் மாத்தூரில் பாலம் தேவைப்பட்டது. பக்தவத்சலம் முதல்வராக இருந்த 1966-ல் வேலை முடிந்தது. செலவு சுமார் 12 லட்சத்து 90 ஆயிரம் ரூபாய். எங்கள் ஊர்களில் இதைக் காமராஜர் கட்டிய பாலம் என்றுதான் இன்றும் சொல்கிறோம்.

ஏன் அவ்வளவு உயரத்தில் கட்ட வேண்டும் என்று பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள். தரையிலேயே கால்வாயை இறக்கி மறுபக்கம் ஏற்றினால் ஆகாதா? ஆகாது. கால்வாயில் தண்ணீரை மோட்டாரா தள்ளுகிறது? சரிவின் வாட்டம்தான் தள்ளுகிறது. மலையோரமாக, கண்ணுக்குத் தெரியாத அளவு மிக மெல்ல இறங்கிக்கொண்டே வரும். ஓர் இடத்தில் உயரத்தை இழந்துவிட்டால் போனது போனதுதான். திறந்த கால்வாயில் திரும்ப ஏறாது. மறுகரையில் தண்ணீர் போய்ச் சேர வேண்டிய விளைகளோ மேட்டில் இருக்கின்றன. அதனால் இந்தக் குன்றில் எந்த மட்டத்தில் தண்ணீர் வருகிறதோ, ஏறக்குறைய அதே மட்டத்தில் அந்தக் குன்றில் ஒப்படைக்க வேண்டும். நடுவில் ஆறு 115 அடி பள்ளத்தில் ஓடினால், தொட்டியும் 115 அடி உயரத்தில் போகத்தான் வேண்டும். கணியான்பாறை, கூட்டுவாயுப்பாறை என்று இங்கே சொல்லும் இரண்டு குன்றுகளை இந்தப் பாலம் இப்படித்தான் இணைக்கிறது.

நீளம் 1240 அடி. தூண்கள் 28. சில தூண்கள் ஆற்றுப் பாறையிலேயே ஊன்றியிருக்கின்றன, மற்றவை இரு பக்கக் குன்றுச் சரிவில். தொட்டியின் அகலம் 7.5 அடி, உயரம் 7 அடி. இந்த அளவை மனதில் வைத்து ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 4 அடி ஆழத்துக்குத் தண்ணீர் ஓடுகிறது என்றால், ஓரடி நீளத்தில் 30 கன அடி. ஒரு கன அடித் தண்ணீர் 28 கிலோவுக்கு மேல். ஆக ஓரடி நீளத்துக்கு 850 கிலோ. தூணுக்குத் தூண் சுமார் 40 அடி என்று கொண்டால் ஒரு கண்ணில் மட்டும் 34 டன். சுவரின் கனத்துக்குக் கொஞ்சம் கழித்தாலும் 30 டன்னை ஒட்டி நிற்கும். தொட்டியின் சொந்த எடை வேறு. இவ்வளவையும் இரவும் பகலும், ஆண்டில் ஒன்பது மாதம், அறுபது ஆண்டுகளாக அந்தத் தூண்கள் தாங்கிக்கொண்டிருக்கின்றன. இதைச் சொல்லிவிட்டுப் பிள்ளைகளைக் கீழே கூட்டிப்போய் ஒரு தூணின் அடியில் நிறுத்துங்கள். அண்ணாந்து பார்க்கும்போது அவர்களுக்கே விளங்கும்.

நுழைவிடத்தில், இணையத்தில், வழிகாட்டிகளின் வாயில் எல்லாம் "ஆசியாவிலேயே" என்ற அடைமொழி அடிபடும். எனக்கு அந்தப் போட்டியில் ஆர்வமில்லை. தெற்காசியாவின் மிக உயரமான, நீளமான தொட்டிப்பாலங்களில் ஒன்று என்று சொன்னாலே அதற்குப் பெருமை போதும். ஆனால் வேறொரு ஒப்பீடு எனக்குப் பிடிக்கும். ஐரோப்பாவின் பெரிய நகரங்களுக்குப் போகிறவர்கள் பழைய நீர்ப்பாலங்களைத் தேடிப் போய்ப் பார்க்கிறார்கள். ஸ்பெயினில் செகோவியாவில் ரோமானியர் கட்டிய பாலத்தின் உச்ச உயரம் 28 மீட்டரைச் சற்றே தாண்டும். நம்முடையது 35 மீட்டர். போர்ச்சுகல் தலைநகர் லிஸ்பனில் அல்காந்தரா பள்ளத்தாக்கைக் கடக்கும் அகுவாஸ் லிவ்ரெஸ் பாலம் நம்முடையதைவிட மிக உயரம், 65 மீட்டர். 35 வளைவுகள். 1755-ல் நகரத்தையே புரட்டிப்போட்ட நிலநடுக்கத்திலும் அது விழவில்லை. அப்பேர்ப்பட்ட பாலத்தில் 1960-களோடு தண்ணீர் விடுவது நின்றுபோனது. இன்று அது அருங்காட்சியகத்தின் ஒரு பகுதி. கிட்டத்தட்ட அதே நேரத்தில்தான் மாத்தூரில் முதல் தண்ணீர் ஓடத் தொடங்கியது. இன்றும் ஓடுகிறது, அதை நம்பி வயல் இருக்கிறது. வேலை செய்துகொண்டிருக்கும் ஒரு நீர்ப்பாலத்தின் மேல் நடந்து போய்ப் பார்க்க நமக்கு விமான டிக்கெட் தேவையில்லை.

சரி, எப்படிப் பார்ப்பது என்பதற்கு வருகிறேன்.

இரண்டு வழி உண்டு. ஒன்று, பாலத்தின் ஒரு முனை வரை மேலேயே வண்டி வரும். இன்னொன்று, பள்ளத்தில் ஆற்றோரம் வந்து, அங்கிருந்து படிக்கட்டில் ஏறுவது. பெரியவர்கள் இருப்பதால் மேல் வழியில் வாருங்கள். இறங்கிய இடத்திலிருந்து சமதளம். ஒரு படிகூட ஏறாமல் பாலத்தின் மேல் நடக்கலாம். வாகனம் நிறுத்தவும் உள்ளே போகவும் சிறு கட்டணம் இருக்கும், சில்லறை வைத்துக்கொள்ளுங்கள்.

தொட்டியின் மேல் ஒரு பகுதிக்கு கான்கிரீட் பலகைகள் பாவியிருக்கிறார்கள். அதுதான் நடைபாதை. மீதி திறந்திருக்கும், அதன் வழியாகக் கீழே தண்ணீர் ஓடுவது தெரியும். நடைபாதை அகலமில்லை. எதிரே ஆள் வந்தால் ஒதுங்கித்தான் போக வேண்டும். இருபுறமும் தடுப்பு உண்டு. மாமியாருக்குப் பயம் இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: பெயரோடு "தொங்கு" என்பதைச் சேர்த்துச் சிலர் சொன்னாலும் பாலம் ஆடாது, அசையாது. தூண்கள்மேல் உட்கார்ந்திருக்கும் கான்கிரீட் தொட்டி அது. ஆனால் உயரத்தைப் பார்த்தால் தலைசுற்றும் என்பவர்கள், ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுபவர்கள், நாலைந்து தூண் தாண்டியதும் நின்று பார்த்துவிட்டுத் திரும்பினாலே போதும். முழுக்கக் கடந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் ஒன்றுமில்லை. கரையைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனாலே தென்னை மரங்களின் கொண்டை உங்கள் காலுக்குக் கீழே வந்துவிடும். தென்னையை அண்ணாந்தே பார்த்துப் பழகியவர்களுக்கு அது போதுமான அதிசயம்.

முதலில் எல்லோரும் தடுப்புச் சுவரை ஒட்டி நின்று வெளியே பார்ப்பார்கள். ஆறு, பாறை, தென்னை, ரப்பர், தூரத்தில் மலை. அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் பிள்ளைகளை ஒரு நிமிடம் உள்பக்கம் திருப்புங்கள். பலகைகளுக்கு நடுவே குனிந்து பார்த்தால், தொட்டிச் சுவரில் ஒரு மட்டத்துக்குப் பாசி படிந்திருக்கும். வழக்கமாகத் தண்ணீர் எவ்வளவு ஓடுகிறது என்று அந்தக் கோடே சொல்லும். இன்றைய தண்ணீர் அந்தக் கோட்டுக்கு மேலா கீழா என்று பார்த்தாலே, கால்வாயில் வரத்து எப்படி என்று புரிந்துவிடும். கையைக் கீழே நீட்டினால் தண்ணீரோடு வரும் குளுமை தெரியும். ஜனவரி ரப்பர் மரங்கள் இலை உதிர்க்கிற காலம். வழி நெடுகத் தோட்டங்கள் இருப்பதால் செம்பு நிறத்துக்கு மாறிய இலைகள் தொட்டியில் மிதந்து வரும்.

அந்த இலைதான் பிள்ளைகளுக்கு நல்ல வேலை. பாலத்தின் தொடக்கத்தில் ஒரு இலையைக் குறிவைத்து, அதோடு சேர்ந்து நடக்கச் சொல்லுங்கள். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு மறுமுனை வரை போனால், 1240 அடியை எத்தனை நிமிடத்தில் கடந்தது என்று தெரியும். அதிலிருந்து வேகம். தொட்டியின் அகலத்தையும் நீர் ஆழத்தையும் வைத்துப் பெருக்கினால் விநாடிக்கு எத்தனை கன அடி என்று தோராயமாக வந்துவிடும். செய்தித்தாளில் "அணையிலிருந்து விநாடிக்கு இத்தனை கன அடி திறப்பு" என்று படிப்பது என்ன என்று அன்றைக்கே பிடிபடும். இலை மட்டும் போதும். பாட்டில், மிட்டாய்க் காகிதம், எதையும் உள்ளே விழவிடாதீர்கள். மேலே நின்று போடுகிறவருக்கு அது அங்கேயே மறைந்துவிடும். எங்கள் பக்கத்துக்கு வந்து ஷட்டரில் சிக்கி நிற்கும். பிளாஸ்டிக் பாட்டிலும் தெர்மோகோல் தட்டும் மடையை அடைத்துக்கொண்டால், கால்வாயின் கடைசியில், கடைவரம்பில் இருப்பவனுக்கு அன்றைய முறைத் தண்ணீரே கிடைக்காது. சேற்றில் இறங்கிக் கையால் வாரிப் போட்டவர்களுக்குத்தான் அந்த எரிச்சல் தெரியும்.

மறுமுனைக்குப் போனவர்கள் உடனே திரும்பிவிட வேண்டாம். தொட்டி முடிந்து கால்வாய் மண்ணுக்குள் இறங்கும் இடத்தைப் பாருங்கள். இவ்வளவு உயரத்தில் வந்த தண்ணீர், அங்கே சாதாரணக் கால்வாயாக மாறி, தோட்டங்களுக்கு நடுவே திரும்பிப் போய்விடும். பாலம் கட்டியதன் காரணமே அந்த இடத்தில்தான் கண்ணுக்குத் தெரிகிறது. அதை யாரும் படம் எடுப்பதில்லை என்பது எனக்கு ஒரு குறை. இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். நெல்லுக்காக வெட்டிய கால்வாய் இது. கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு பூ, அதாவது இரண்டு போகம் நெல் விளைந்த ஏலாக்கள் பலவும் இன்று வாழையாக, தென்னையாக, ரப்பராக மாறிவிட்டன. சில இடங்களில் வீடாகவும். கரை உடைப்பும் தூர் வாராமல் கிடப்பதும் கடைவரம்புக்காரர்கள் ஆண்டுதோறும் சொல்லும் குறை. பாலத்துக்குப் பூங்காவும் பெயின்டும் வருகிற அதே அக்கறை, பாலம் கொண்டுவந்து சேர்க்கும் தண்ணீர் போகிற வழிக்கும் வர வேண்டும் என்று நாங்கள் கேட்பது அதனால்தான்.

அப்புறம் கீழே இறங்குங்கள். முழங்கால் நன்றாக இருப்பவர்கள் படிக்கட்டில் இறங்கட்டும். படிகள் நிறைய, இறங்கும்போது தெரியாது, ஏறும்போது மூச்சு வாங்கும். பெரியவர்களைக் காரிலேயே சுற்றிக் கீழே கூட்டி வந்துவிடலாம். ஆற்றோரம் சிறுவர் பூங்கா இருக்கிறது. பாலத்தின் முழு உருவமும் தெரிவது கீழிருந்துதான். மேலே மட்டும் நடந்துவிட்டுப் போகிறவர்கள் பாதிப் பாலத்தைத்தான் பார்க்கிறார்கள். பறளியாறு அங்கே பாறைகளுக்கு நடுவே ஓடும். கொஞ்ச தூரத்தில், மூவாற்றுமுகத்தில் கோதையாற்றோடு சேர்ந்து, குழித்துறை வழியாகத் தேங்காய்ப்பட்டணத்தில் கடலில் கலக்கிறது. ஆக நீங்கள் நிற்கும் இடத்தில் கடலுக்குப் போகும் தண்ணீர் காலடியிலும், வயலுக்குப் போகும் தண்ணீர் தலைக்கு மேலும் போகும். ஆற்றில் பிள்ளைகளை இறங்க விடாதீர்கள். பாறை வழுக்கும், மலையில் மழை பெய்தால் தண்ணீர் திடீரென்று ஏறும்.

நேரம் முக்கியம். பாலத்தின் மேல் நிழலே கிடையாது. ஜனவரியிலும் பத்து மணிக்கு மேல் கான்கிரீட் சுடத் தொடங்கிவிடும். கன்னியாகுமரியிலிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர். நாகர்கோவில், தக்கலை, அழகியமண்டபம், வேர்க்கிளம்பி, திருவட்டாறு என்று வழி. சாலை வளைந்து வளைந்து ஊர்களுக்குள் போவதால் மணிக்கணக்கைக் கொஞ்சம் தாராளமாகப் போட்டுக்கொள்ளுங்கள். சூரிய உதயம் பார்த்த கையோடு கிளம்பினால் எட்டரைக்குள் பாலத்தில் இருக்கலாம். பேருந்தில் வருபவர்கள் நாகர்கோவிலிலிருந்தோ மார்த்தாண்டத்திலிருந்தோ திருவட்டாறு வந்து இறங்கினால், அங்கிருந்து மாத்தூர் மூன்று கிலோமீட்டர். மேலும் கீழும் பார்க்க ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள். அவசரப்பட்டால் அரை மணியில் முடியும், ஆனால் அப்படிப் பார்ப்பதற்குத்தான் உங்கள் உறவினர் "எதுக்கு?" என்று கேட்டார்.

வாசலில் விற்கும் அன்னாசியை விடுங்கள், அது எல்லா இடத்திலும் கிடைக்கும். மட்டிப்பழம் கண்ணில் பட்டால் வாங்குங்கள். விரல் நீளம்தான் இருக்கும், நல்ல மணம். எங்கள் மாவட்டத்துப் பழம், புவிசார் குறியீடு வாங்கியது. மதியம் மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் எங்கே நன்றாக இருக்கும் என்று உள்ளூர் ஆட்டோக்காரரிடம் கேட்டுச் சாப்பிடுங்கள்.

பாலத்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாள் கோயில். மலைநாட்டுத் திவ்விய தேசங்களில் ஒன்று. 22 அடி நீளத்தில் பள்ளிகொண்ட பெருமாளை மூன்று வாசல் வழியாகத்தான் முழுதாகப் பார்க்க முடியும். 400 ஆண்டுகளுக்கு மேல் கழித்து 2022 ஜூலையில் குடமுழுக்கு நடந்தது. ஆண்கள் சட்டையைக் கழற்றித்தான் உள்ளே போக வேண்டும். மாமனாருக்கு ஒரு வேட்டி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நடை மதியம் சாத்திவிட்டுச் சாயந்திரம்தான் திறப்பார்கள் என்பதால் பாலத்தை முடித்ததும் நேரே கோயிலுக்கு வந்துவிடுங்கள். மதியத்துக்கு மேல் திரும்பும் வழியில் தக்கலைக்குப் பக்கத்தில் பத்மநாபபுரம் அரண்மனை. அது திங்கட்கிழமை விடுமுறை, நாளை அதற்கேற்பத் தேர்ந்தெடுங்கள். திற்பரப்பு அருவியும் பக்கம்தான். ஆனால் பெரியவர்களையும் வைத்துக்கொண்டு ஒரே நாளில் எல்லாம் வேண்டாம். சிதறால் மலைக்கோயில் ஏறவேண்டிய இடம், அதை இந்தப் பயணத்தில் விட்டுவிடுங்கள். அருவியா அரண்மனையா என்று வந்தால், ஜனவரியில் நான் அரண்மனையைத்தான் சொல்வேன்.